காது நுனியிலிருந்து ஒரு சொட்டு

போன ஆவணியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, இரண்டு கண்ணாடித் தகடுகளைத் தீப்பெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து நூல் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குப்பனூரிலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலத்துக்கு வண்டியில் போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் ஒரு கையால் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டிலும் எங்கள் செவலை மாட்டின் காது நுனியிலிருந்து எடுத்த ரத்தம் ஒரு சொட்டு, மெல்லிய திரையாகத் தடவிக் காயவைத்தது. டாக்டரம்மா கொடுக்கும்போது சொன்னது ஒன்றுதான்: "வழியில எங்கயும் திறந்து வைக்காதீங்க தம்பி, ஈ உட்கார்ந்தா தின்னுடும்." ஈ ரத்தத் தடவலைத் தின்னும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தச் சொட்டு ரத்தத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, அடுத்த முறை மாட்டுக்குக் காய்ச்சல் வரும்போது "ஒரு ஸ்லைடு எடுத்துப் பார்த்துடலாமா சார்?" என்று கேட்டால் எனக்குப் போதும்.

செவலைக்கு முன்னால் மீனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழு வருடங்களுக்கு முன்பு எங்களிடம் இருந்த ஜெர்சி கலப்பு. காலையில் எட்டு லிட்டர், சாயங்காலம் ஆறு. அம்மா சங்கக் கடன் வாங்கிப் பிடித்த மாடு, அந்தப் பாலில்தான் தங்கையின் படிப்பு ஓடியது. வைகாசி மாதம், இரண்டாவது கன்று போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் தவிட்டுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது, பால் பாதியாகக் குறைந்தது, மதியத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுநாள் விடிகாலையில் அம்மா என்னை எழுப்பி, "கண்ணு, வந்து பாரு, மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போகுது" என்றார். போய்ப் பார்த்தால் தரையில் நுரையோடு சிவப்பும் கறுப்புமாகத் தேங்கி நிற்கிறது.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உண்ணிச்செடியைத் தின்றிருக்கும் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அது அப்படியே தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல. மலையடிவாரம் முழுக்க அந்தச் செடிதான் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது, அதைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாகும், வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். ஆனால் மீனாவின் தோலில் எதுவும் இல்லை. அப்புறம் ஊசி போட வந்த ஒருவர், கன்று போட்ட மாட்டுக்கு உடம்பில் பாஸ்பரஸ் குறைந்தால் ரத்த மூத்திரம் போகும் என்று சொல்லி அதற்கான மருந்தை ஏற்றினார். இதுவும் உண்மைதான், கன்று ஈன்ற சில வாரங்களில் நல்ல கறவை மாட்டுக்கு அப்படி வருவது உண்டு. ஆனால் அதில் பொதுவாகப் பெரிய காய்ச்சல் இருக்காது. மீனாவின் உடம்பு தொட்டால் கை சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. மூன்று நாள் அதே ஊசி. நாலாம் நாள் விடிவதற்கு முன் கால்களை நீட்டிப் படுத்துவிட்டது, கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. ஒரு மாதக் கன்று அது பாட்டுக்கு மடியை முட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அது விதி என்று விட்டுவிட்டோம். செவலைக்கு அதே காப்பித் தண்ணீர் வந்தபோதுதான் நான் வேறு டாக்டரைத் தேடி ஓடினேன்.

எங்கள் பக்கத்து மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவர். வந்ததும் முதலில் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தார், 106 காட்டியது. அப்புறம் காதுக்குள்ளேயும், தொடை இடுக்கிலும், மடிக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவி உண்ணி தேடினார். மிளகு அளவில் சாம்பல் நிறத்தில் நாலைந்து கிடைத்தன. காது நுனியில் மயிரை வழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, ஊசியால் ஒரு குத்து. முதலில் வந்த சொட்டைக் கண்ணாடியில் தொட்டு, இன்னொரு கண்ணாடியின் ஓரத்தால் ஒரே இழுப்பாக இழுத்தார், தோசைக்கல்லில் மாவு இழுப்பதைவிட மெல்லிசாக. "முதல்ல ரத்தம், அப்புறம்தான் மருந்து. மருந்து உள்ள போயிடுச்சுன்னா ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது" என்றார். காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னைச் சேலத்துக்கு விரட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் நல்ல மனிதர், சாயம் ஏற்றி எண்ணெய் விட்டு ஃபோகஸ் செய்து என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பு வட்டங்களாக ரத்த அணுக்கள். சிலதுக்குள்ளே மட்டும் ஊதா நிறத்தில், கூர்முனை ஒட்டிய இரண்டு பேரிக்காய்கள். பேபிசியா. ரத்த அணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் ஒட்டுண்ணி. உடைந்த அணுக்களின் சிவப்புதான் மூத்திரத்தில் இறங்குகிறது. மீனாவின் தரையில் நான் பார்த்த அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று ஏழு வருடம் கழித்து அந்தக் கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு போனில் சொன்னேன், இரண்டு மணிக்கு டிமினாசின் ஊசி போட்டார்கள், அடுத்த நாள் சாயங்காலம் மூத்திரம் தெளிந்தது, மூன்றாம் நாள் செவலை சோளத்தட்டைக் கடித்தது. தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, பழைய பாலுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. ஆனாலும் நிற்கிறது.

அன்று டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. "முன்னாடி செத்த மாட்டுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு முன்ன, வெளி மாடு எதாவது இங்க வந்து கட்டினீங்களா?" கட்டியிருந்தோம். எங்கள் தாய்மாமா சேர்வராயன் மலையில் நாகலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அந்த வருடம் பங்குனியில் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியபோது விழுந்து கால் உடைந்து, மாமியால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாமல், அவர்களுடைய மூன்று மலை மாடுகளையும் கீழே ஓட்டிவந்து மீனாவுக்குப் பக்கத்தில்தான் கட்டினோம். உடம்பெல்லாம் உண்ணி. ஆனால் மூன்றும் கல் மாதிரி இருந்தன, ஒரு நாள் கூடத் தீவனம் மறுத்ததில்லை. பத்து நாளில் திரும்பி மலையேறிவிட்டன. மீனா விழுந்தது அதற்கு ஐம்பது நாள் கழித்து. யாருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும்?

இதே கதை அமெரிக்காவில் நூறு வருடத்துக்கும் முன்னால் பெரிய அளவில் நடந்திருக்கிறது. டெக்சாஸ் பக்கத்து மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிப்போவார்கள். ஓட்டிப்போன மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடந்த தடத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து ரத்த மூத்திரம் போய்க் கொத்துக் கொத்தாகச் செத்தன. டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயர் வைத்து, தெற்கத்தி மாடுகளை ஊருக்குள் விடாமல் துப்பாக்கியோடு நின்று தடுத்தவர்கள்கூட உண்டு. நோயில்லாத மாடு எப்படி நோயைத் தரும், தந்தாலும் ஏன் இவ்வளவு நாள் தாமதம் என்பது யாருக்கும் புரியவில்லை. மாடு மேய்க்கிறவர்களில் சிலர் மட்டும் உண்ணிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், படித்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தியோபால்டு ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினார். கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து 1889 முதல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் அவர் செய்த சோதனைகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், அவ்வளவு எளிமை. ஒரு அடைப்பில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகளையும் வடக்கத்தி மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொன்றில் தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணியை ஒன்றுவிடாமல் கையால் பொறுக்கியெடுத்துவிட்டுச் சேர்த்து விட்டார்கள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே இல்லை, புல்லில் உண்ணியை மட்டும் தூவினார்கள். முதல் அடைப்பிலும் மூன்றாவதிலும் வடக்கத்தி மாடுகள் விழுந்தன. பொறுக்கிய அடைப்பில் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விடாமல், முட்டையிலிருந்து பொரித்த, எந்த மாட்டையும் அதுவரை கடித்தறியாத உண்ணிக் குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டுப் பார்த்தார் ஸ்மித். அதற்கும் காய்ச்சல் வந்தது. தாய் உண்ணி குடித்த ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணி முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கியிருக்கிறது. தாமதத்துக்கு விடை அதுதான். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அது பொரித்து, குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, அடுத்த மாட்டின் காலில் தொற்றி ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். எங்கள் கட்டுத்தரையில் அந்த ஐம்பது நாளும் இதுதான் நடந்திருக்கிறது.

1893-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரு பூச்சியோ உண்ணியோ ஒரு நோயை உயிரிலிருந்து உயிருக்குக் கடத்தும் என்று பாலூட்டிகளின் நோய் ஒன்றில் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் வேலை அது. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாவைப் பார்த்தது 1897-ல், நாலு வருடம் கழித்து. மனித மருத்துவத்துக்கு வழிகாட்டியது ஒரு மாட்டு நோய். இதை நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு பத்தியாவது சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மாட்டுக் கொட்டகையிலிருந்துதானே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சரி, மாமாவின் மாடுகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இரண்டு காரணம். திமில் உள்ள நம் நாட்டு மாடுகளின் தோலில் உண்ணி அவ்வளவு சுலபமாக ஒட்டாது, ஒட்டினாலும் கலப்பின மாட்டில் ஏறுகிற அளவு ஏறாது. இன்னொன்று, கன்றுகளுக்குப் பிறந்ததிலிருந்து சில மாதங்கள் வரை இந்த நோயைத் தாங்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மலையில் கன்று அந்த வயதிலேயே உண்ணிக் கடி வாங்கி, லேசாக நோய்ப்பட்டு, அப்படியே எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது, ஒட்டுண்ணியும் ரத்தத்தில் கொஞ்சமாகத் தங்கிவிடுகிறது. உண்ணியே பார்க்காமல் சிமெண்டுத் தரைக் கொட்டகையில் வளர்ந்த மாடு, பெரிதான பிறகு முதல் கடி வாங்கினால்தான் ஆபத்து. செவலையை நாங்கள் அப்படியொரு பண்ணையிலிருந்துதான் வாங்கிவந்தோம். வாங்கி ஐந்து வாரத்தில் விழுந்தது. வடக்கத்தி மாட்டைத் தெற்கத்திப் புல்லில் விட்ட கணக்கு.

இப்போது ஸ்லைடுக்கு வருகிறேன். நம் பக்கம் உண்ணியால் வரும் ரத்த நோய்கள் முக்கியமாக மூன்று. பேபிசியா ஒன்று. தைலேரியா இரண்டாவது, இதைக் கடத்துவது வேறு வகை உண்ணி. அதில் தோளுக்கு முன்னால் நெறிகட்டி எலுமிச்சம்பழம் போல வீங்கும், கடுங்காய்ச்சல் இருக்கும், கலப்பின மாடுகளையும் கன்றுகளையும் குறிவைத்து அடிக்கும். மூன்றாவது அனபிளாஸ்மா, அணுவின் விளிம்பில் சின்னப் புள்ளியாகத் தெரியும், மாடு வெளுக்கும், மஞ்சளடிக்கும், ஆனால் மூத்திரம் சிவக்காது. மூன்றும் முதல் இரண்டு நாள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான், தீனி எடுக்காது, காய்ச்சல், பால் குறைவு. மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பேபிசியாவுக்கு டிமினாசின், தைலேரியாவுக்குப் புபார்வகுவோன், அனபிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்ளின் வகை. ஒன்றுக்குப் போடவேண்டியதை இன்னொன்றுக்குப் போட்டால் மருந்து வீண், காசு வீண், அதைவிட முக்கியமாக அந்த இரண்டு நாள் போய்விடும். ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் மாட்டுக்கு இரண்டு நாள் என்பது உயிர்.

ஸ்லைடு எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதையும் டாக்டரம்மா சொன்னார். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால்தான் கிருமி எண்ணிக்கை கண்ணில் படும் அளவுக்கு இருக்கும். மாமாவின் மாடு மாதிரி நோயைச் சுமந்துகொண்டு திரிகிற மாட்டின் ரத்தத்தில் தேடிக் கிடைப்பது கஷ்டம், அதற்குப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை தேவை. ஆனால் படுக்கப்போகிற மாட்டுக்கு, அன்றைக்கே, சில ரூபாய் செலவில் விடை தருவது இந்தக் கண்ணாடித் தகடுதான். என் சின்ன வயதில் மலேரியாவுக்காக வீடு வீடாக வந்து, காய்ச்சல் என்றால் விரலைக் குத்திக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போவார்களே, அதே வேலை. மனிதர்களுக்குத் திண்ணையில் வைத்துச் செய்தோம், மாட்டுக்கு ஏன் கேட்டு வாங்கக்கூடாது?

டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. ஒருவர் பத்துப் பதினைந்து கிராமம் சுற்றவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் மைக்ராஸ்கோப் இருக்காது. ஆனால் நாம் கேட்டால் எடுப்பார்கள், நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வந்துவிட்டன, நாமக்கல் கல்லூரி ஒரு மணி ஒன்றரை மணி தூரம்தான். 1962 என்ற எண்ணுக்கு போன் அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. மீனாவுக்கு அந்த மூன்று நாளில் இது ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது.

உண்ணியை ஒழிப்பது பற்றியும் கொஞ்சம். அமெரிக்காக்காரர்கள் 1906-ல் ஆரம்பித்து, எல்லா மாட்டையும் திரும்பத் திரும்ப மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றி, 1943 வாக்கில் தங்கள் நாட்டில் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள். நம்மால் அது ஆகாது என்றுதான் நினைக்கிறேன். பொது மேய்ச்சல், மலைக்காடு, அங்கே காட்டெருமைகள், யார் மாட்டு உண்ணி யார் மாட்டில் ஏறுகிறது என்று யார் கண்டது. தடுப்பூசியும் உண்டு, 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் கொண்டுவந்தார்கள். அது நோய்க்கு எதிரான ஊசி அல்ல, உண்ணிக்கே எதிரானது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணியின் குடல் அந்த ரத்தத்தாலேயே புண்ணாகிப்போகும். எவ்வளவு அழகான யோசனை! நம் ஊர் மருந்தகத்தில் அது கிடைப்பதில்லை.

அதனால் இப்போதைக்குத் தெளிப்பு மருந்துதான். அதிலும் நாங்கள் செய்துகொண்டிருந்த தப்பு, உண்ணி கண்ணில் படும்போது மட்டும் அடிப்பது, அதுவும் ஒரே மருந்தை வருடக்கணக்கில், அளவை நாமே கூட்டிக் குறைத்து. டெல்டாமெத்ரின் வகை மருந்துகளுக்கு மசியாத உண்ணிகள் நம் நாட்டில் பல இடங்களில் வந்துவிட்டன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பேபிசியாவைக் கடத்தும் உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து உப்பி விழும்வரை ஒரே மாட்டின் மேல் மூன்று வாரம் போல இருக்கிறது. அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு விடக்கூடாது, மூன்று வாரத்துக்குள் மறுபடி அடிக்கவேண்டும். காது உள்பக்கம், வாலடி, அலைதாடி, மடிக்குப் பின்புறம் எல்லாம் நனையவேண்டும். அம்மா இப்போது பொறுக்கிய உண்ணியைத் தரையில் போட்டு மிதிப்பதில்லை, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுகிறார். கொட்டகைச் சுவரில் இருந்த வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம், ஓரத்துப் புல்லைச் செதுக்கிவிட்டோம்.

இந்தப் பங்குனியில் மேலே தண்ணீர் இல்லை என்று மாமா மறுபடியும் மாடுகளைக் கொண்டுவரக் கேட்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடப்பிறந்தவராயிற்றே. என்னைத்தான் தெளிப்பானோடு மேலே அனுப்பினார். நானும் மாமாவும் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து, நாலு மாட்டையும் கவிழ்த்தாற்போலப் பார்த்துப் பொறுக்கினோம், அப்புறம் மருந்து அடித்தோம். "எங்க மாட்டுக்கு ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்லையே மாப்ள, இதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமா. ஸ்மித்தின் மூன்று அடைப்புகளையும் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். நடு அடைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கறுப்புக் கிடேரியின் காதை மடக்கி, நான் விட்டுவிட்ட ஒன்றைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார்.